சென்னையில் தனியாகக் கிறிஸ்துமஸ்: எந்த ஆராதனைக்குப் போவது?

லீவு கிடைக்காமல் ஹாஸ்டலில் மாட்டிக்கொண்டேன், நாகர்கோவிலில் குடும்பத்தோடு போய்ப் பழகியவள், இங்கே தனியாகப் போய் நிற்கத் தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். போங்கள் தங்கச்சி. கட்டாயம் போங்கள்.

சாந்தோம் போன்ற கத்தோலிக்க ஆலயங்களில் 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலிதான் பெரிது. ஹாஸ்டல் கேட் அதற்குள் மூடிவிடும் என்கிறீர்களே, அதனால் 25 காலை ஆராதனை உங்களுக்கு வசதி. நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்பதால் பக்கத்திலுள்ள சி.எஸ்.ஐ. ஆலயத்தில் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் விடியலுக்கு முன்பே மணி அடித்துவிடும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள்: அதற்கு முந்தின ஞாயிறே ஒரு தடவை போய், போதகரிடமோ உபதேசியாரிடமோ "ஊருக்குப் போக முடியவில்லை, தனியாக இருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். கேரல் ரவுண்ட்ஸ் பாக்கி இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். நாலு வீடு ஏறி இறங்கிப் பாடினாலே முகங்கள் பழகிவிடும்.

எனக்கும் சென்னையில் முதல் கிறிஸ்துமஸ் இப்படித்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மா பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். முடிந்ததும் "எந்த ஊரு மக்கா?" என்றார். அந்த 'மக்கா'வைக் கேட்டதும் அழுதுவிட்டேன். அவரும் நம் நாகர்கோவில் பக்கம்தான். வீட்டுக்குக் கூட்டிப்போய் இட்லியும் கறிக்குழம்பும் போட்டு, முந்திரிக்கொத்தும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இன்றும் அவர் வீட்டுக்குப் போய்வருகிறேன்.

ஆராதனை முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். வாசலில் கேக் கொடுக்கும் அந்தக் கால்மணி நேரத்தில்தான் பேச்சே ஆரம்பிக்கும். எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள்? அண்ணா நகர் பக்கம் என்றால் எங்களோடு வாருங்கள்.