பழைய அனலாக் கேமராவை எடுத்துவிட்டு முழுவதும் நெட்வொர்க் கேமராவுக்கு மாறலாமா?

நெகிரி செம்பிலான் பஹாவ் பக்கம் மளிகைக் கடை, 9 வருடத்துக்கு முன் போட்ட 4 அனலாக் கேமரா, படம் மங்கல், கடைக்குப் பின்னால் செம்பனை ஓரத்தில் 150 மீட்டர் தள்ளி ஒரு ஸ்டோர் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நெட்வொர்க் கேமரா, அதாவது கணினிக்குப் போடும் நெட்வொர்க் கேபிளில் ஓடும் வகை, போடச் சொல்கிறார்களாம். நான் இதே ஊரில் 12 வருடமாக வயரிங், கேமரா வேலை செய்கிறேன். உங்கள் கடைக்கு அது வேண்டாம். ஸ்டோருக்கு மட்டும் போடுங்கள்.

முதலில் கடை. மங்கலுக்குக் காரணம் பழைய கேமராவும் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியும்தான். சுவருக்குள் ஓடும் கோஆக்சியல் கேபிள் (அனலாக் கேமராவுக்குப் போடும் செம்புக் கேபிள்) பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதே கேபிளில் 1080பி அனலாக் கேமரா ஓடும். படம் சின்னப் புள்ளிகளால் (பிக்சல்) ஆனது; பழைய படத்தில் குறுக்கே அதிகம் போனால் 960 புள்ளி. வாசலில் 7 மீட்டர் அகலத்தைக் காட்டினால் மீட்டருக்கு 137 புள்ளி வரும். தெரிந்த ஆளை இன்னார் என்று சொல்ல 125 போதும், முன்பின் தெரியாத முகத்துக்கு 250 வேண்டும் என்பது உலகத் தரக் கணக்கு. 1080பியில் 1920 புள்ளி இருப்பதால் அதே வாசலில் 274 கிடைக்கும். ஆக, கேமரா எந்த வகை என்பதைவிட எவ்வளவு அகலத்தைக் காட்டுகிறது என்பதைப் பாருங்கள். கல்லாவுக்கு மேல் ஒன்றைக் குறுக்கிப் பிடித்து வைத்தாலே பாதிக் கவலை தீரும்.

டிவிஆர் வாங்கும்போது அனலாக், நெட்வொர்க் இரண்டையும் ஏற்கும் கலப்பு வகையாகக் கேளுங்கள். ஸ்டோர் கேமராவும் அதிலேயே பதிவாகும்.

இப்போது ஸ்டோர். நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. கோஆக்சியல் 150 மீட்டர் தாராளமாகப் போகும், ஆனால் கூடவே 12 வோல்ட் மின்சாரத்தை அவ்வளவு தூரம் அனுப்பினால் வழியிலேயே குறைந்துவிடும். பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து வரும். கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம் இடி. ஒரு தோட்டத்துக் கோயிலில் அலுவலகத்திலிருந்து மண்டபத்துக்கு 90 மீட்டர் செம்புக் கேபிள் நான்தான் இழுத்தேன். ஒரு நாள் சாயங்கால மழையில் சுவிட்ச், 3 கேமரா, பதிவுப் பெட்டி எல்லாம் ஒன்றாகப் போயின. கூட்டாகச் சேர்த்த பணம் அது, இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதற்குப் பிறகு கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் இடத்தில் செம்பு போடுவதே இல்லை, ஃபைபர்தான். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்டோரில் ஒரு சின்ன பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பும் பெட்டி) வைத்து அங்கிருந்து 2 நெட்வொர்க் கேமரா எடுங்கள். அந்தச் சுவிட்சுக்கு யூபிஎஸ் கொடுத்தால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓடும். கேமராவுக்குத் தனியாக மின்சாரம் இழுக்க வேண்டியதில்லை.

இணையம் சரியாக வராதே என்று பயப்பட வேண்டாம். பதிவாவது கடைக்குள் இருக்கும் டிஸ்க்கில். கைப்பேசியில் பார்க்கத்தான் இணையம். 1080பி கேமரா ஒன்று 4 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி எடுக்கும். 6 கேமராவுக்கு 4 டிபி போட்டால் 15 நாள் நிற்கும்.

அப்புறம், பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் அப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் தேடித் தேடிப் பிடித்தது. செம்பனை ஓரத்துக் கேமராவில் சிலந்தி வலை கட்டும். இரவு வெளிச்சத்தில் அது முழுப் படத்தையும் வெள்ளையாக்கிவிடும். வாரம் ஒருமுறை துடைப்பத்தால் தட்டிவிடுங்கள்.