பிரபஞ்சம் முடிவில்லாமல் பெரிதா, முடிவில்லாமல் பிளக்கக்கூடியதா?

எல்லையில்லாமல் விரிவதையும் எல்லையில்லாமல் பிளப்பதையும் ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். என் கணிப்பில் முதலாவதற்கு "இருக்கலாம்", இரண்டாவதற்கு அநேகமாக "இல்லை".

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதற்குள் நம்மை எட்டிய ஒளியைத்தான் பார்க்க முடியும், வெளியும் விரிந்துகொண்டே இருப்பதால் அந்த விளிம்பு இன்று எல்லாத் திசையிலும் சுமார் 4,600 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அது நம் பார்வையின் எல்லை, அவ்வளவுதான். பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகளில் வெளி கிட்டத்தட்டத் தட்டையாக, அதாவது வளைவில்லாமல், தெரிகிறது. தட்டை என்றாலே முடிவில்லாதது என்று பலர் எழுதிவிடுகிறார்கள், தப்பு. பழைய வீடியோ கேமில் வலது ஓரம் வெளியே போனால் இடது ஓரம் உள்ளே வருவோமே, அப்படித் தட்டையாகவும் அளவோடும் ஒரு வெளி இருக்க முடியும். அப்படியானால் ஒரே இடத்தின் ஒளி இரு திசைகளிலிருந்தும் நமக்கு வரும், அதனால் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சில் (பெருவெடிப்பின் மிச்ச ஒளியில்) ஒரே மாதிரி வட்டங்கள் ஜோடியாகத் தெரிய வேண்டும். தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஓரம் நம் பார்வைக்கு அப்பால் இருந்தால் எவ்வளவு தேடினாலும் தெரியப்போவதில்லை.

(இன்று முடிவில்லாதது என்றால் பெருவெடிப்பின்போதும் முடிவில்லாததுதான். சின்னதாக இருந்தது நாம் பார்க்கும் பகுதி மட்டுமே.)

சரி, சிறிய பக்கம். புரோட்டானுக்குள் குவார்க்குகள் என்ற இன்னும் சிறிய துகள்கள் இருக்கின்றன, ஆனால் ஒன்றைப் பிய்த்தெடுக்க இழுத்தால் நாம் கொடுக்கும் ஆற்றலே புதிய குவார்க், எதிர்க்குவார்க் ஜோடியாக மாறி, சின்னத் துண்டுக்குப் பதில் இன்னும் சில முழுத் துகள்கள்தான் கையில் வரும். வெட்டுவது என்ற வேலையே அங்கே நின்றுவிடுகிறது. எலக்ட்ரானைப் புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுவரை துருவிப் பார்த்தும் உள்ளே எதுவும் தெரியவில்லை. எலக்ட்ரானுக்குள் இன்னொரு பிரபஞ்சம் இருக்கலாமே என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உள்ளே அத்தனை சங்கதி இருந்தால் எல்லா எலக்ட்ரானும் எப்படி அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும்? அவை துளியும் வேறுபடாதவை என்பதால்தான் பவுலியின் விலக்கு விதி (இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்பது) அவற்றுக்குப் பொருந்துகிறது, அந்த விதியால்தான் தனிம அட்டவணைக்கு இந்த வடிவமே வந்தது.

பொருளை விடுங்கள், வெளியையே பிளக்க முடியுமா? இன்னும் சிறிய தூரத்தைப் பார்க்க இன்னும் அதிக ஆற்றலைக் குவிக்க வேண்டும். பிளாங்க் நீளம், அதாவது சுமார் 1.6 × 10⁻³⁵ மீட்டர், வரும்போது குவித்த ஆற்றலே கருந்துளையாகிப் பார்க்க வந்த இடத்தை மூடிவிடும். அதற்காக வெளி கட்டம் கட்டமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2009-இல் ஒரு காமா கதிர் வெடிப்பிலிருந்து (வெகு தொலைவில் நடந்த பெரும் விண்வெடிப்பு) 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணித்து வந்த மிக உயர் ஆற்றல் ஒளித்துகள், குறைந்த ஆற்றல் ஒளியைவிட ஒரு நொடிகூடப் பிந்தவில்லை. வெளியின் சொரசொரப்பால் ஒளியின் வேகம் ஆற்றலுக்கேற்ப மாறும் என்று சொன்ன எளிய மாதிரிகள் அதிலேயே அடிபட்டுப் போயின.