'அப்போ பார்த்துக்கலாம்' என்ற பதில்

வணக்கம். எனக்கு முதல் குழந்தை சிசேரியன். இப்போது இரண்டாவது, ஏழாம் மாதம். இந்த முறை சுகப்பிரசவத்துக்கு வாய்ப்பு உண்டா என்று கேட்டால், டாக்டர் 'அப்போ பார்த்துக்கலாம்மா' என்கிறார். மாமியார் ஆபரேஷன்தான் பாதுகாப்பு என்கிறார், அக்கா வேண்டவே வேண்டாம் என்கிறாள். யாரை நம்புவது?
- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவு உங்களுடையது. ஆனால் 'அப்போ பார்த்துக்கலாம்' என்பதோடு நீங்கள் வீடு திரும்பக் கூடாது. வலியில் துடிக்கும்போது நீட்டிய தாளில் போடும் கையெழுத்தை முடிவு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டாக்டர் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு. ஸ்காட்லாந்தின் நடீன் மான்ட்காமரிக்கு நீரிழிவு உண்டு, உயரமும் குறைவு. நீரிழிவுள்ள தாய்மார்களில் 9 முதல் 10 சதவீதம் பேருக்குப் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும். குழந்தை பெரிதாயிற்றே என்று அவர் கவலைப்பட்டும் டாக்டர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது டாக்டர் தரப்பு வாதம். 1999-இல் தோள் சிக்கியது, குழந்தைக்கு மூளை பாதிப்பு. 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் நின்றது: அவர் நிலையில் உள்ள ஒருவர் முக்கியமாக நினைக்கும் ஆபத்தையும், மாற்று வழியையும் டாக்டர் சொல்லியே ஆக வேண்டும்.

சரி, உங்கள் விஷயம். முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்பது வயிற்றுத் தழும்பைப் பார்த்தால் தெரியாது. கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால், சுகப்பிரசவத்துக்கு முயலும் நான்கு பேரில் சுமார் மூன்று பேருக்குக் கைகூடுகிறது. அன்று சிசேரியனுக்குக் காரணம் குழந்தை தலைகீழாகத் திரும்பாததுதான் என்றால் வாய்ப்பு இன்னும் கூடும்.

அப்படி முயலும்போது கர்ப்பப்பையின் உள்தழும்பு கிழிவது ஏறக்குறைய 200-இல் ஒருவருக்கு. அபூர்வம்தான், ஆனால் நடந்தால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, தியேட்டர் உடனே தயாராகுமா? நானாக இருந்தால் இதைத்தான் முதலில் கேட்பேன். முயன்று முடியாமல் பாதியில் சிசேரியனுக்குப் போனால், திட்டமிட்டுச் செய்வதைவிடச் சிக்கல் அதிகம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொரு குழந்தை ஆசை இருந்தால் அதையும் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். சிசேரியன் எண்ணிக்கை கூடக்கூட, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையோடு பிரியாமல் ஒட்டிப் பெரும் ரத்தப்போக்கில் முடியும் அபாயமும் ஏறுகிறது. பலரும் இதைக் கேட்பதே இல்லை.

மாமியாரும் அக்காவும் அவரவர் உடம்பு அனுபவத்தைச் சொல்கிறார்கள். அடுத்த செக்கப்புக்கு ஃபைலோடு போங்கள். அன்று நேரமில்லை என்றால் இன்னொரு நாள் கேட்டு வாங்குங்கள். அப்போதும் அதே பதில்தான் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள். ஏழாம் மாதத்தில் அதற்கு அவகாசம் இருக்கிறது.