வாசகர் கேள்வி – பதில்: புவி சூடாவதற்கு யார் காரணம்?

பருவநிலை மாற்றம் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தையே வெவ்வேறு வடிவில் எழுப்பியிருந்ததால், அவற்றுக்கான விடைகளை இந்த இதழில் ஒன்றாகத் தருகிறோம்.

கேள்வி: கடலும் காடும் உயிரினங்களும் ஆண்டுதோறும் வெளிவிடும் கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் மனிதர்கள் வெளிவிடுவது சொற்பம் என்று படித்தேன். அப்படியிருக்க, காற்றில் கூடியிருக்கும் வாயு நம்முடையதுதான் என்று எதை வைத்து அறுதியிட்டுச் சொல்கிறார்கள்? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாங்கள் படித்தது உண்மைதான், ஆனால் அது பாதிக் கணக்கு. இயற்கை வெளிவிடும் கரியமில வாயு நம்முடையதைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு. ஆனால் அதை வெளிவிடும் அதே கடலும் காடும் அந்த அளவைத் திரும்ப உள்ளிழுத்துக்கொள்வதோடு நில்லாமல், நாம் வெளிவிடுவதிலும் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. காற்றில் ஆண்டுதோறும் கூடுவதோ இதில் பாதியளவுதான். இயற்கையே கூடுதலாகக் கொட்டிக்கொண்டிருந்தால் காற்றில் சேர்வது நாம் வெளிவிடுவதைவிட அதிகமாக இருந்திருக்க வேண்டும். கடலிலிருந்து வாயு வெளியேறிக்கொண்டிருந்தால் கடல்நீரில் கரைந்துள்ள கார்பன் குறைந்திருக்க வேண்டும். அது கூடிக்கொண்டே போகிறது, அதனால் கடல்நீரின் அமிலத்தன்மையும் ஏறி வருகிறது.

இந்தக் கூட்டல் கழித்தல் போதாது என்பவர்களுக்கு இன்னும் நேரடியான தடயம் இருக்கிறது. வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்க வகை ஓயாமல் உருவாகிறது. உயிருள்ள மரம் செடிகளிலும் அது இருக்கும். அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது துளியும் எஞ்சியிருக்காது. ஆகவே அவற்றை எரித்து வரும் வாயு காற்றில் கலக்கக் கலக்க, காற்றிலுள்ள கார்பன்-14-இன் விகிதம் குறைய வேண்டும். ஹான்ஸ் சூயஸ் என்ற வேதியியலாளர் மர வளையங்களை ஆராய்ந்து, அப்படியே குறைந்திருப்பதை 1955-இல் வெளியிட்டார். (பிறகு வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் இந்த அளவை ஒரேயடியாக உயர்த்திவிட்டன, சூயஸ் கண்டது அந்தக் கலப்படத்துக்கு முந்திய காற்றின் நிலை.) தாவரங்கள் குறைவாகவே ஏற்றுக்கொள்ளும், சற்றுக் கனமான கார்பன் வகையான கார்பன்-13-இன் விகிதமும் காற்றில் சரிந்து வருகிறது. தாவரத்திலிருந்து உருவான எரிபொருள் எரிந்தால்தான் இப்படி நேரும். கடலோ எரிமலையோ காரணமாக இருந்தால் நேராது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டுமல்லவா? அதுவும் காற்றில் குறைந்து வருகிறது. நாம் மூச்சுவிடுவதற்குத் தட்டுப்பாடு வரும் அளவுக்கு அல்ல. ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 4 பங்கு, அவ்வளவே. அதைக்கூட அளந்துவிட முடிகிறது.

இப்படித் துல்லியமாக அளக்கும் மரபைத் தொடங்கிவைத்தவர் சார்லஸ் டேவிட் கீலிங். ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், நகரத்துப் புகை எட்டாத இடத்தில், அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு கரியமில வாயுவை அளக்கும் கருவியை 1958-இல் இயக்கத் தொடங்கினார். முதலில் அளவு ஏறியது. மே மாதத்துக்குப் பின் இறங்கியது. இலையுதிர் காலம் வந்ததும் மீண்டும் ஏறியது. வட கோளத்துக் காடுகள் தளிர்த்து வாயுவை இழுப்பதும், இலைகள் மட்கி அதைத் திருப்பித் தருவதும் அந்த வரைபடத்தில் பல் பல்லாகப் பதிவாயின. ஆனால் ஒவ்வோர் ஆண்டின் உச்சமும் முந்திய ஆண்டின் உச்சத்தைவிட உயரமாகவே இருந்தது. தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. 2024-இல் ஆண்டுச் சராசரி 424. தொழிற்புரட்சிக்கு முன்பு அது 280-ஐ ஒட்டியே இருந்தது என்பதை அண்டார்க்டிகாவின் பனிக்கட்டிகளுக்குள் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகள் காட்டுகின்றன. ஆக்சிஜன் குறைவதை அளந்து காட்டியவர் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங்.

கேள்வி: ஓர் எரிமலை வெடித்தால் மனிதகுலம் இதுவரை வெளிவிட்ட அத்தனை புகையும் ஒரே நாளில் வந்துவிடும் என்கிறார்களே? – வாசகி, நாகர்கோவில்

பதில்: உண்மையில்லை. நிலத்திலும் கடலடியிலும் உள்ள எரிமலைகள் அனைத்தும் சேர்ந்து ஓர் ஆண்டில் வெளிவிடும் கரியமில வாயு, நாம் வெளிவிடுவதில் நூற்றில் இரண்டு பங்குகூட வராது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்தபோது, அது உமிழ்ந்த கந்தகத் துகள்கள் வெயிலை மறைத்ததால் உலகம் ஏறத்தாழ அரை டிகிரி குளிர்ந்தது.

கேள்வி: சூரியனின் வெப்பம் கூடியிருக்கலாம் அல்லவா? மனிதர்களே இல்லாத காலத்திலும் பனியுகங்கள் வந்து போயினவே? – வாசகர், ஈரோடு

பதில்: இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தாம், அறிவியலாளர்களும் முதலில் இந்தப் பக்கம்தான் தேடினார்கள். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஆற்றலை நேரடியாக அளந்து வருகின்றன. பதினோர் ஆண்டுச் சுழற்சியில் அது ஆயிரத்தில் ஒரு பங்களவு ஏறி இறங்குகிறதே தவிர, நிலையான ஏறுமுகம் எதுவும் இல்லை. புவி வேகமாகச் சூடேறிய காலம் இதுவே.

இதைவிட உறுதியான சான்று நம் தலைக்கு மேலே இருக்கிறது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் அடி முதல் முடி வரை சூடேற வேண்டும். கரியமில வாயு காரணம் என்றால், தரையிலிருந்து எழும் வெப்பத்தைக் கீழடுக்கு பிடித்துவைத்துக்கொள்ளும். ஓசோன் படலம் இருக்கும் மேலடுக்கோ கூடுதலான கரியமில வாயுவின் வழியாகத் தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழந்து குளிரும். சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்ட் ஆகிய இருவரும் 1967-இல், அதைச் சரிபார்க்கும் செயற்கைக்கோள்கள் வருவதற்கு முன்பே, இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். பின்னர் அளந்தபோது தரை சூடேறியிருந்தது, மேலடுக்கு குளிர்ந்திருந்தது. மனாபேக்கு 2021-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நாற்பது ஆண்டுகளாக இந்த விவாதத்தைக் கவனித்து வருபவர்களில் பலர்கூட இந்தச் சான்றை அறியாமல் இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. பள்ளிப் பாடநூலில் ஒரு பக்கம் பெற வேண்டிய செய்தி இது.

பனியுகங்களின் தாளத்தைத் தீர்மானித்தவை புவியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் ஏற்படும் மெதுவான மாறுதல்கள். அவை முதலில் சிறிது வெப்பத்தைக் கூட்ட, கடலிலிருந்து கரியமில வாயு வெளியேறி அந்த வெப்பத்தைப் பெருக்கியது. ‘வெப்பம் முதலில் வந்தது, வாயு பின்னால் வந்தது’ என்று சிலர் சுட்டிக்காட்டுவது இதைத்தான். அன்று பின்னால் வந்து பெருக்கிய வாயு இன்று முன்னால் வருகிறது என்பதே வேறுபாடு. கடந்த எட்டு லட்சம் ஆண்டுகளின் பனிப் பதிவில் அந்த வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதே இல்லை. பனியுகம் முடியும்போது பல்லாயிரம் ஆண்டுகளில் கூடிய அளவையும் மிஞ்சி, இருநூறு ஆண்டுகளுக்குள் நாம் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: அறிவியலாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதே ஐயத்தைத் தருகிறது. மாற்றுக் கருத்து உடையவர்களை அவர்கள் ஒதுக்குகிறார்களோ? – வாசகர், மதுரை

பதில்: ஐயப்படுவது குற்றமில்லை; ஐயப்பட்டவர் அதை எப்படித் தீர்த்துக்கொண்டார் என்பதே முக்கியம். அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் முல்லருக்கு, வெப்பநிலைப் பதிவுகளின் தரத்தில் நம்பிக்கை இல்லை. வானிலை நிலையங்களைச் சுற்றி நகரங்கள் வளர்ந்ததால் கணக்கு உயர்ந்து காட்டுகிறதோ என்று அவர் சந்தேகித்தார். தனிக் குழு அமைத்து, உலகெங்கும் உள்ள பதிவுகளைத் திரட்டி, புதிய முறையில் கணக்கிட்டார். எண்ணெய்த் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது. கிடைத்த வரைபடம் பழைய வரைபடங்களோடு ஒத்துப்போயிற்று. புவி சூடாவதற்குக் காரணம் ஏறத்தாழ முழுவதும் மனிதர்களே என்று 2012-இல் அவர் வெளிப்படையாக எழுதினார்.

தவறுகளும் நடந்திருக்கின்றன. இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு வரி இடம்பெற்றது. அதற்கு அடிப்படையே இல்லை என்று பனியாற்று ஆய்வாளர்களே சுட்டிக்காட்ட, 2010 ஜனவரியில் குழு வருத்தம் தெரிவித்தது. அந்த வரியைக் கண்டுபிடித்துத் திருத்தியவர்களும், பனியாறுகள் உருகிவருகின்றன என்று அளந்து சொல்பவர்களும் ஒரே துறையினர்தாம்.

மறைத்தவர்கள் யார் என்று கேட்டால் அதற்கும் பதிவு இருக்கிறது. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த ஆய்வாளர்கள் 1970-களின் இறுதியிலிருந்தே புவி எவ்வளவு சூடாகும் என்று கணித்து வைத்திருந்தார்கள். அந்தக் கணிப்புகளில் பெரும்பாலானவை பின்னாளில் நடந்தவற்றோடு பொருந்தின என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த நிறுவனம் பொதுமக்களிடம் பல ஆண்டுகள் பேசியதோ, அறிவியல் இன்னும் முடிவாகவில்லை என்பதுதான். இதை எண்ணும்போது எனக்குக் கோபம் வருகிறது; அதை மறைத்துக்கொள்ள விரும்பவில்லை.

கேள்வி: 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது பருவநிலை மாற்றத்தால்தானே? – வாசகி, தாம்பரம்

பதில்: அவசரப்பட்டு ‘ஆம்’ என்று சொல்லக் கூடாத கேள்வி இது. அந்த ஒரு நாள் பெருமழையை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வாளர் குழு, அதில் புவி வெப்பமாதலின் விளைவு எதையும் காண முடியவில்லை என்றே அடுத்த ஆண்டு எழுதியது. காற்றிலுள்ள மாசுத் துகள்கள் வெப்பமாதலை இதுவரை ஈடுகட்டி வந்திருப்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் அது கூறியது. வெள்ளத்துக்குப் பொறுப்பாகச் செம்பரம்பாக்கத்தில் நீர் திறந்துவிட்ட விதத்தையும், சுருங்கிப்போன பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும், தூர்ந்த ஏரிகளையும் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட்டால் இவற்றுக்குப் பொறுப்பானவர்களெல்லாம் தப்பிவிடுவார்கள்.

ஆனால் அந்த மாசுத் துகள்கள் சற்று நின்று கவனிக்கத் தக்கவை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன் 1975-இல், குளிர்சாதனப் பெட்டிகளில் அப்போது பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்களும் வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றன என்று கண்டறிந்தார். கரியமில வாயுவால் விளையும் வெப்பம் 2000-ஆம் ஆண்டுக்குள் இயற்கையான ஏற்ற இறக்கங்களை மீறித் தென்பட வேண்டும் என்று ரோலண்ட் மேடனும் அவரும் 1980-இல் எழுதினார்கள், அது பலித்தது. அதே ராமநாதனும் பால் குருட்சனும் 1999-இல் இந்தியப் பெருங்கடலின் மேல் நடத்திய பெரிய ஆய்வில், தெற்காசியாவின் விறகுப் புகையும் வாகனப் புகையும் ஆலைப் புகையும் திரண்டு பழுப்பு நிற மூட்டமாகக் கடல்மேல் பரந்து, வெயிலை மறைத்து நிற்பதைக் கண்டார்கள். இந்தத் துகள்கள் சில நாட்களில் மழையோடு கரைந்து இறங்கிவிடும். கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் தங்கும். நம் நுரையீரலுக்காக அந்த மூட்டத்தை அகற்றியே ஆக வேண்டும். அகற்றும்போது அது இதுவரை மறைத்துவைத்த வெப்பம் வெளிப்படும். மூட்டத்துக்குப் பின்னால் எவ்வளவு வெப்பம் ஒளிந்திருக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு இன்றும் உண்டு.

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ‘புவி வெப்பமாவதற்குக் காரணம் மனிதனா, இயற்கையா?’ என்று பட்டிமன்றம் நடத்தத் திட்டமிட்டுள்ளோம். தங்கள் கருத்து? – ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்

பதில்: அன்பு கூர்ந்து தலைப்பை மாற்றுங்கள். பட்டிமன்றத்தில் இரண்டு அணிக்கும் சம வலு வேண்டும். இங்கே ஓர் அணியின் கையில் அளந்து பெற்ற சான்றுகள் இருக்கின்றன. மற்ற அணியில் நிற்கும் பிள்ளைகள் இல்லாததைத் தேடிச் சொல்ல வேண்டியிருக்கும். நன்றாகப் பேசும் ஒரு மாணவி அந்த அணியில் அமைந்துவிட்டால், கைத்தட்டல் வாங்கியதே உண்மை என்ற எண்ணத்தோடு அவையினர் வீடு திரும்புவார்கள்.

மெய்யாகவே இரண்டு பக்கமும் வலுவுள்ள தலைப்புகள் எத்தனையோ இருக்கின்றன. கரியமில வாயுவை அதிகம் வெளிவிடும் நாடுகளில் இந்தியா இன்று மூன்றாவது. ஆனால் தலைக்குக் கணக்கிட்டால் ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சுமார் 2 டன், ஓர் அமெரிக்கர் சுமார் 14 டன். இதுவரை சேர்ந்த மொத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்காவினுடையது; இந்தியாவினுடையது நூற்றில் சுமார் 3 பங்கு. 2070-க்குள் நிகர உமிழ்வைச் சுழியாக்குவோம், அதாவது வெளிவிடும் அளவும் திரும்ப அகற்றும் அளவும் சமமாகும்படி செய்வோம் என்று இந்தியா 2021-இல் கிளாஸ்கோவில் அறிவித்தது. அதை முன்னதாகவே எட்ட முயல வேண்டுமா, முன்பே வளர்ந்துவிட்ட நாடுகள் பணம் தந்த பிறகுதான் வேகம் கூட்ட வேண்டுமா என்று இரண்டு அணிகள் பேசலாம். மனிதச் செயலே காரணம் என்று ஒப்புக்கொண்டால்தான் அந்த இழப்பீட்டைக் கேட்கவே நமக்கு உரிமை வரும் என்பதை நடுவர் தொடக்க உரையில் எடுத்துச் சொல்லட்டும். அல்லது நெய்வேலி போன்ற நிலக்கரி ஊர்களை எடுத்துக்கொண்டு, சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு மாற்று வேலை முதலில் வர வேண்டுமா, மூடும் தேதி முதலில் வர வேண்டுமா என்று பேசச் சொல்லுங்கள்.

‘மனிதனா, இயற்கையா?’ என்ற கேள்வியை விட மனமில்லை என்றால், அதைப் பட்டிமன்றத்துக்கு மாறாக அறிவியல் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். மௌனா லோவாவின் மாதவாரி எண்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு மாணவருக்கும் சில ஆண்டுகளின் எண்களைப் பிரித்துக் கொடுத்து, வரைதாளில் குறிக்கச் சொல்லி, தாள்களை வரிசையாக ஒட்டிவிட்டால், கீலிங் கண்ட ஏற்றத்தை அவர்களும் தங்கள் பென்சில் கோட்டிலேயே காண்பார்கள். இதற்கு இரண்டு பாடவேளைகள் போதும்.