பழைய ஆர்கேட் ரெஸ்லிங் விளையாட்டுகள்: கேட்டவையும் சொன்னவையும்

காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில் 1991இல் வந்த ‘டபிள்யூடபிள்யூஎஃப் ரெஸில்ஃபெஸ்ட்’ என்ற ரெஸ்லிங் விளையாட்டைப் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

ரெஸில்ஃபெஸ்ட்டைச் செய்தவர்கள்தான் ‘டபுள் டிராகன்’ தெருச்சண்டை விளையாட்டையும் செய்தார்கள் என்கிறான் என் நண்பன். உண்மையா, கதை விடுகிறானா?

உண்மைதான். இரண்டும் ஜப்பானின் டெக்னோஸ் நிறுவனத்துடையவை. டபுள் டிராகன் வந்தது 1987இல். ஆனால் அதற்கு முன்பே அவர்கள் ரெஸ்லிங்கில் கைவைத்துவிட்டார்கள். 1983இல் ‘டேக் டீம் ரெஸ்லிங்’, 1985இல் ‘மேட் மேனியா’. அப்புறம் 1989இல் அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூடபிள்யூஎஃப்பின் உரிமம் வாங்கி ‘சூப்பர்ஸ்டார்ஸ்’, 1991இல் ரெஸில்ஃபெஸ்ட். இவற்றை வரிசையாக ஆடிப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் உருவங்கள் பெருத்துக்கொண்டே வருவது தெரியும். ரெஸில்ஃபெஸ்ட்டின் எர்த்க்வேக் என்ற பருத்த வீரர் நிற்கும்போது அவருக்குப் பின்னால் இருக்கும் பார்வையாளர்களே மறைந்துபோவார்கள்!

கட்டிப் பிடித்ததும் வெறித்தனமாகப் பட்டனைத் தட்டுகிறேன். ஆனாலும் கம்ப்யூட்டர்தான் என்னைத் தூக்கி அடிக்கிறது. என்ன தவறு செய்கிறேன்?

பெரும்பாலும் அவசரம். இருப்பது ஒரு ஜாய்ஸ்டிக்கும் இரண்டே பட்டன்களும். அதனால் எல்லாமே தட்டும் வேகத்தில்தான் இருக்கிறது என்று தோன்றும். பிடியில் யார் ஜெயிப்பது என்பதற்கு வேகம் வேண்டும், சரி. ஆனால் ஜெயித்த பிறகு என்ன அடி விழும் என்பது எதிராளி எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆட்டம் தொடங்கியதுமே போய்க் கட்டிப் பிடித்தால், அந்தப் பிடியை நீங்களே வென்றாலும் சில்லறை அடிதான் கிடைக்கும். அதற்குள் விரலும் சோர்ந்திருக்கும்.

நான் செய்வது இதுதான்: முதலில் கட்டிப் பிடிப்பதைத் தவிர்ப்பேன். குத்து, உதை, கயிற்றில் மோதித் திரும்பி வருபவருக்கு ஓர் அடி என்று எட்டி நின்றே களைப்பாக்குவேன். விழுந்தவர் எழ நேரமெடுக்கத் தொடங்கினால் அதுதான் அறிகுறி. அப்போது போய்ப் பிடித்தால் உங்கள் வீரரின் முத்திரை அடி வரும்: ஜேக் ராபர்ட்ஸிடமிருந்து டிடிடி, மிஸ்டர் பெர்ஃபெக்ட்டிடமிருந்து பெர்ஃபெக்ட்பிளெக்ஸ். நிஜ ரெஸ்லிங்கிலும் முத்திரை அடியைக் கடைசிவரை பொத்தித்தானே வைக்கிறார்கள். அந்த நாடகத்தை இரண்டு பட்டனுக்குள் கொண்டுவந்ததுதான் டெக்னோஸின் கெட்டிக்காரத்தனம்.

ஆட்டத்தின் நடுவில் காசு போட்டால் சக்தி கூடுகிறதே, இது கள்ளாட்டம் இல்லையா?

கள்ளாட்டம் இல்லை, வியாபாரம். அந்தக் கால ஆர்கேட் இயந்திரம் காசு விழுங்கத்தான் பிறந்தது. எனக்கும் இந்த ஏற்பாடு பிடிக்காது. கம்ப்யூட்டர் மட்டும் காசே போடாமல் தெம்பாக நிற்கும். எமுலேட்டரில் (பழைய இயந்திரத்தின் விளையாட்டைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருள்) ஆடுகிறவர்கள் ஒருமுறையாவது ஒரே காசில் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பாருங்கள், விளையாட்டே வேறாகத் தெரியும்.

எல்லோரும் ஒரே ரிங்கில் மோதும் ராயல் ரம்பிளில் நாலு நண்பர்கள் சேர்ந்து ஆடுகிறோம். எப்போதும் நான்தான் முதலில் வெளியேறுகிறேன்.

நாலு பேர் ஆடும் இயந்திரத்தின் உயிரே அந்த ரம்பிள்தான். கயிற்றுக்கு மேலே தூக்கி வெளியே எறிந்தால் மட்டும்தான் அவுட் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த விளையாட்டில் தோளைத் தரையில் அழுத்திப் ‘பின்’ போட்டாலும், பிடியில் பணியவைத்தாலும் அவுட்தான். அதனால் கயிற்றோரம் போகாமல் இருந்தால் மட்டும் தப்ப முடியாது.

உங்கள் பிரச்சினை எனக்குப் புரிகிறது: வந்த வேகத்தில் நடுவில் நிற்பவரோடு மல்லுக்கட்டுகிறீர்கள். பிடியில் இருப்பவருக்கு முதுகில் கண் கிடையாது. ஒருவரை நீங்கள் பிடித்திருக்கும்போது மற்றவர்களுக்கெல்லாம் உங்கள் முதுகு இலவசம். ஒதுங்கி நின்று, அடித்துக்கொண்டு களைத்த இருவரில் ஒருவரைப் பொறுக்குங்கள். நண்பர் கூட்டணிக்கு வருகிறேன் என்றால் நம்புங்கள், ஆனால் ரிங்கில் ஆள் குறையும்வரை மட்டும்.

ரெஸில்ஃபெஸ்ட்டில் அண்டர்டேக்கர் என்ற வீரர் ஏன் இல்லை?

அவர் டபிள்யூடபிள்யூஎஃப்பில் கால் வைத்ததே 1990 நவம்பரில்தான். தேர்ந்தெடுக்கக்கூடிய பத்துப் பேரில் அவர் இல்லை. ஆர்கேடில் அவர் வேண்டுமென்றால் மிட்வே நிறுவனத்தின் 1995 ‘ரெஸில்மேனியா’ விளையாட்டின் பக்கம் போங்கள்.

அதைத்தான் கேட்க வந்தேன். மிட்வேயின் விளையாட்டு இதைவிட மேல் என்பேன். உங்கள் கருத்து?

வாங்க சண்டைக்கு! அது நிஜ வீரர்களைப் படம்பிடித்து உருவங்களாக மாற்றிய விளையாட்டு. ‘மார்ட்டல் காம்பேட்’ எடுத்த வழியேதான். ரேஸர் ரமோனின் கை கத்தியாகிவிடும், அண்டர்டேக்கர் கல்லறைக் கல்லால் அடிப்பார். சிரிப்பு வரும், வேகமும் அபாரம். ஆனால் அது ரெஸ்லிங் சட்டை போட்ட சண்டை விளையாட்டு. ரிங்கில் நிற்கும் கனம் எனக்கு ரெஸில்ஃபெஸ்ட்டில்தான் கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டுமானால் கேப்காமின் 1993 ‘சாட்டர்டே நைட் ஸ்லாம் மாஸ்டர்ஸ்’ ஆடிப் பாருங்கள். ‘ஃபைனல் ஃபைட்’ விளையாட்டில் மேயராக இருக்கும் ஹேகர் அதில் வீரராக வருவார்.

லீஜன் ஆஃப் டூம் ஜோடியை ஏன் தேர்ந்தெடுக்க முடிவதில்லை? ஏதாவது ரகசியக் குறியீடு?

குறியீடு எதையும் தேட வேண்டாம். டேக் டீம் (இருவர் அணி) பட்டத்தை வைத்திருப்பவர்கள் அவர்கள், கம்ப்யூட்டர் மட்டுமே ஆட்டுவிக்கும் எதிரிகள். நிஜத்திலும் அவர்கள் 1991 ஆகஸ்ட் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் நாஸ்டி பாய்ஸ் ஜோடியை வென்று அந்தப் பட்டத்தை எடுத்தார்கள். அவர்களை நீங்களே ஆட்டுவிக்க ஆசையென்றால் 2021இல் வந்த ‘ரெட்ரோமேனியா ரெஸ்லிங்’ இருக்கிறது. ரெஸில்ஃபெஸ்ட்டின் வழித்தோன்றலாகவே வந்தது அது. அதில் ரோட் வாரியர்ஸ் என்ற பழைய பெயரில் இருக்கிறார்கள்.

இவ்வளவு புகழ் இருந்தும் அந்தக் காலத்தில் வீட்டுக் கன்சோலுக்கு ஏன் வரவில்லை? இப்போதாவது மறுவெளியீடு வருமா?

1991இல் வீட்டுக் கன்சோலுக்கான டபிள்யூடபிள்யூஎஃப் விளையாட்டுகளை வேறு நிறுவனங்கள் வெளியிட்டுக்கொண்டிருந்தன. 2012இல் டிஹெச்கியூ நிறுவனம் கைப்பேசிக்காக அதே பெயரில் புதிதாக ஒன்று செய்தது, அசலின் தோற்றம் அதில் இல்லை. அசலையே அப்படியே கொண்டுவருவது பெரிய தலைவலி. டெக்னோஸ் 1996இல் மூடப்பட்டது, அதன் விளையாட்டுகளின் உரிமைகள் 2015இல் ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸுக்குப் போயின. டபிள்யூடபிள்யூஎஃப் என்ற பெயரே, அதே சுருக்கப்பெயர் கொண்ட வனவிலங்கு நிதியத்துடனான வழக்குக்குப் பிறகு 2002இல் டபிள்யூடபிள்யூஈ ஆனது. வீரர்களின் பெயர், முகம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பேச வேண்டும். ஆவலோடு காத்திருக்காதீர்கள்.

ரெஸில்ஃபெஸ்ட் இயந்திரத்தின் அசல் சர்க்யூட் போர்டு வாங்கினேன். முதல் இரண்டு ஜாய்ஸ்டிக் வேலை செய்கின்றன, மூன்றும் நான்கும் செத்துக் கிடக்கின்றன. போர்டு பழுதா?

பழுது என்று முடிவுகட்டாதீர்கள். ஆர்கேட் போர்டுகளின் பொது இணைப்பு முறையான ஜாமாவில் இரண்டு பேருக்கான கம்பிகள்தான் உண்டு. மூன்றாம், நான்காம் ஆட்டக்காரருக்குப் போர்டில் தனி இணைப்பி இருக்கும், அதற்குத் தனிக் கம்பித்தொகுதி வேண்டும். அது போட்டும் வராவிட்டால், முதலில் மின்சாரத்தை அணைத்துவிட்டு இணைப்பி முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பிறகு மல்டிமீட்டரைப் போர்டின் மீதே வைத்து 5 வோல்ட் சரியாக வந்து சேர்கிறதா என்று பாருங்கள். பவர் சப்ளையில் சரியாகக் காட்டும், போர்டுக்கு வந்து சேர்வதற்குள் குறைந்திருக்கும். இதெல்லாம் சரியாக இருந்தும் ஜாய்ஸ்டிக் அசையாவிட்டால் போர்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம்.