விலை குறையட்டும், மேகசினும் ட்ரிகரும் குறையக்கூடாது

இந்த வாட்டி வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுத்தித்தான். கம்மி விலைல புதுசா ஒரு .22 (குண்டோட விட்டம் 0.22 இன்ச் பக்கம்) செமி ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்டிங் ரைபிள், அதாவது ஒவ்வொரு தடவை ட்ரிகர் இழுத்தா ஒண்ணு சுட்டு அடுத்த தோட்டா தானா ஏறிக்கிறது, வந்தா அதுல என்ன இருக்கணும், எதை விட்டுக்கொடுக்கலாம்னு கேட்டிருக்கீங்க. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், பொறுத்துக்கோங்க.

கேள்வி: ஒரு கம்பெனி புதுசா இந்த மாதிரி ரைபிள் பண்ணணும்னா ஷூட்டர்ஸ் மொதல்ல என்னங்க எதிர்பாப்பாங்க, பாக்க நல்லா இருக்கணும்னா, இல்ல குறி துல்லியமா விழணும்னா?

பதில்: ரெண்டுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்குங்க, மாட்டிக்காம ஓடணும். பத்து தோட்டா போட்டா பத்தும் வரிசையா உள்ள போய் வெளிய வரணும், அது நடக்கலன்னா மத்ததெல்லாம் பேசி பிரயோஜனமே இல்ல. .22 லாங் ரைபிள் தோட்டா 1887லருந்து இருக்கு, பழைய டிசைன், அடில விளிம்பு துருத்திட்டு இருக்கும். மேகசினுக்குள்ள (தோட்டா அடுக்கி வைக்கிற பெட்டி) மேல இருக்குற தோட்டாவோட விளிம்பு கீழ இருக்குறதோட விளிம்புக்குப் பின்னால போய் உக்காந்துடுச்சுன்னா போல்ட் (முன்னும் பின்னும் ஓடி தோட்டாவைத் தள்ளுற இரும்புக் கட்டை) எவ்வளவு தள்ளினாலும் அது முன்னால வராது. அப்புறம் அந்த குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், மேல மெழுகு, சுடச்சுட அந்த மெழுகும் கரியும் சேம்பர் (தோட்டா உக்காந்து வெடிக்கிற பேரலோட பின் அறை) வாயில அப்பிக்கும்.

இந்த வகை ரைபிள்ல தோட்டா வெடிக்கிற அழுத்தமே காலி கேஸை (குண்டு போனதும் மிஞ்சுற கூடு) பின்னால தள்ளும், கேஸ் போல்ட்டைத் தள்ளும், ஸ்பிரிங் அமுங்கித் திரும்பி வரும்போது போல்ட் அடுத்த தோட்டாவை வாரிட்டுப் போய் சேம்பர்ல வைக்கும், வேற மிஷினே கிடையாது. அப்போ போல்ட்டோட எடையும் ஸ்பிரிங்கும் எந்தத் தோட்டாவுக்குக் கணக்கு பண்ணியிருக்காங்கறதுதான் எல்லாமே. வேகமான தோட்டா நொடிக்கு 380 மீட்டர் பக்கம் போகும், சாதாரண வேகத் தோட்டா 325 மீட்டர் பக்கம். நெறைய கம்பெனி வேகமானதுக்கு மட்டும் கணக்கு பண்ணி விட்டுடறாங்க, சாதாரணத்தைப் போட்டா போல்ட் பாதி தூரம் போய்ட்டுத் திரும்பி காலி கேஸ் வாசல்லயே நட்டுக்க நிக்கும். ஆனா டார்கெட் சுடறவங்களுக்கு அந்த சாதாரணத் தோட்டாதான் இஷ்டம், ஏன்னா அது பேரலை விட்டு வரும்போதே சத்தத்தோட வேகமான 340 மீட்டருக்குக் கீழதான் இருக்கும், வழில அந்த எல்லையைத் தாண்டி இறங்கும்போது வர்ற ஆட்டம் அதுக்கு இல்ல. ரெண்டு தோட்டாவையும் ஒரே மாதிரி செரிச்சுக்கிற ரைபிளை யார் கம்மி விலைல குடுக்கறாங்களோ அவங்க பின்னாடி கூட்டமே போகும்.

ஜாம் ஆனா என்ன பண்றதுன்னும் இதுலயே சொல்லிடறேன். ட்ரிகர் இழுத்தும் வெடிக்கலன்னா பேரல் முனையை டார்கெட் பக்கமே வச்சுட்டு 30 நொடி பொறுங்க, சில சமயம் லேட்டா வெடிக்கும். அப்புறம் மொதல்ல மேகசினைக் கழட்டணும், அதுக்குப் பிறகுதான் போல்ட்டை இழுக்கணும். மாத்தி பண்ணினா நீங்களே அடுத்த தோட்டாவை உள்ள ஏத்திடுவீங்க.

கேள்வி: ருகர் கம்பெனியோட 10/22ங்கற .22 செமி ஆட்டோ ரைபிள் இருக்கும்போது புதுசா ஒண்ணு எதுக்கு சார்? அதை வாங்கிட்டுப் போலாமே?

பதில்: வாங்கலாம், தப்பே இல்ல. 1964ல வந்தது, இன்னிக்கும் லட்சக்கணக்கான பேர் கைல இருக்கு. அதோட பத்து தோட்டா மேகசின் உருளை மாதிரி சுத்துற அமைப்பு, ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனி பள்ளம், அதனால நான் மேல சொன்ன விளிம்பு மாட்டுற பிரச்சனை அதுல வர்றதில்ல. பேரலை ரெண்டு ஸ்க்ரூல கழட்டிடலாம். அதனாலதான் அதுக்குன்னு பார்ட்ஸ் பண்ணிப் பிழைக்கிற கம்பெனிகளே தனியா வளர்ந்துச்சு.

ஆனா சாதா மாடல்ல குறைகளும் பல வருஷமா அப்படியேதான் வந்துச்சு. கடைசித் தோட்டா போனதும் போல்ட் திறந்து நிக்காது. போல்ட்டை விடுவிக்கிற அந்த சின்ன லீவர் புதுசா எடுக்கறவங்களைப் படுத்தி எடுத்துடும். ரிசீவரோட (போல்ட் ஓடுற நடு உடம்பு) பின்பக்கம் அடைச்சிருக்கு, அதனால க்ளீனிங் ராடை முனைப்பக்கமாத்தான் விடணும், முனையோட விளிம்புல ராட் உரசி உரசி தேஞ்சுதுன்னா குறியே கெட்டுப் போகும், இதுக்காகவே நெறைய பேர் பின்னால ஒரு ஓட்டை போட்டுக்கறாங்க. ஒரு ஓட்டைங்க! புது ரைபிள் பண்றவங்க அதை ஃபேக்டரிலயே போட்டுக் குடுத்தா என்ன செலவாகிடப் போகுது?

புதுசா வர்றவங்களுக்கு என்னோட பெரிய வேண்டுகோள், தயவுசெஞ்சு உங்களுக்குன்னு ஒரு புது மேகசின் கண்டுபிடிக்காதீங்க. ருகரே தன்னோட அமெரிக்கன் ரிம்ஃபயர்ங்கற போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு தடவையும் கையால போல்ட்டை இழுத்து விடற) ரைபிளுக்கும் அதே 10/22 மேகசினைத்தான் வச்சிருக்கு. ஒரு ரைபிள் மாடல் நின்னு போச்சுன்னா மொதல்ல கிடைக்காமப் போறது மேகசின்தான், அதுக்கப்புறம் அந்த ரைபிள் ஒவ்வொண்ணா போட்டு சுடற துப்பாக்கியா ஆகிடும். இதுக்குப் பயந்தே 1960ல வந்த மார்லின் 60யை நெறைய பேர் விரும்பினாங்க, அதுல பேரலுக்குக் கீழயே குழாய் மேகசின், தொலைஞ்சு போறதுக்கு வழியில்ல, ஆனா நிரப்பறதுக்கு நேரமாகும்.

கேள்வி: கம்மி விலைன்னா எங்கயாவது குறைச்சுத்தானே ஆகணும் அண்ணா, எங்க குறைக்கலாம்னு சொல்லுங்களேன்.

பதில்: நல்ல கேள்வி தம்பி, இதைத்தான் கம்பெனிகாரங்க உக்காந்து யோசிக்கணும். மரத்துல குறைக்கலாம். ரெமிங்டன் 1959லயே நைலான் 66ன்னு நைலான் ஸ்டாக்கோட (தோள்ல வச்சுப் பிடிக்கிற கட்டை) ஒரு .22 கொண்டு வந்துச்சு, ஈரத்துல ஊறினாலும் உப்பாது வளையாது, பிளாஸ்டிக்கைப் பத்தின சந்தேகம் அப்பவே தீர்ந்தாச்சு. பளபளப்பு வேண்டாம், சாதா கறுப்பு போதும். ரிசீவர் அலுமினியமா இருக்கலாம், .22க்கு அது தாராளம்.

குறைக்கவே கூடாதது சேம்பர், முனை விளிம்பு, காலி கேஸை இழுக்குற அந்த சின்னக் கொக்கி, மேகசினோட வாய், ட்ரிகர். இதுல ட்ரிகரைப் பத்தி எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம் உண்டு. ஒரு லேசான .22 ரைபிள் மொத்தமே ரெண்டேகால் கிலோ பக்கம் இருக்கும், அதுல ட்ரிகரை இழுக்க ரெண்டரை கிலோ பலம் வேணும்னு வச்சிருப்பாங்க! ரைபிளோட எடையை விட ட்ரிகர் கனம்னா விரல் இழுக்கும்போது ரைபிளே அசையத்தானே செய்யும், அப்புறம் எனக்குக் குறி வரலன்னு அந்தப் பிள்ளை தன்னையே நொந்துக்கும். ஒன்றரை கிலோ போதும். அதை விட முக்கியம் இழுக்கும்போது கரகரன்னு மணல்ல தேய்க்கிற மாதிரி இல்லாம ஒரே இடத்துல சுத்தமா விடுபடணும். ருகர் கம்பெனியே தன்னோட 10/22க்கு ஒன்னேகால் கிலோ பக்கம் இழுக்கிற ட்ரிகரைத் தனியா விக்குது, அப்போ நல்லா பண்ணத் தெரியாம இல்ல. விலைப்பட்டியல்ல ரைபிள் மலிவா தெரியணும்னு இதை வெளிய எடுத்துடறாங்க, வாங்கினவன் அப்புறம் தனியா காசு போட்டு வாங்கறான், கடைசில எங்க மலிவு?

கேள்வி: என் பொண்ணுக்கு 12 வயசு, இடது கைக்காரி. போல்ட் ஆக்ஷன்ல சுட்டுப் பழகிட்டா, இப்ப செமி ஆட்டோ வேணும்னு கேக்கறா. குடுக்கலாமா? என்ன பாத்து வாங்கணும்?

பதில்: உங்க இடத்துச் சட்டம் அந்த வயசுல கூட இருந்து பழக்க அனுமதிச்சா, நீங்க பக்கத்துலயே நின்னா குடுக்கலாம்மா. போல்ட் ஆக்ஷன்ல ஆரம்பிச்சது ரொம்ப நல்லது. மொதல்ல ஸ்டாக்கோட நீளம் பாருங்க, பெரியவங்களுக்குப் பண்றது பின்முனைலருந்து ட்ரிகர் வரைக்கும் 34 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும், சின்னப் பிள்ளை அதைத் தோள்ல வச்சா உடம்பைப் பின்னால வளைச்சுத்தான் பிடிக்கும், அந்தப் பழக்கம் லேசுல போகாது. நடுவுல துண்டு சேர்த்துக் கூட்டிக் குறைக்கிற ஸ்டாக் இருந்தா பொண்ணு வளர வளர ரைபிளும் கூடவே வளரும். இடது கைன்னா காலி கேஸ் முகத்துக்குக் குறுக்கால பறக்கும், கண்ணாடி இல்லாம விடவே விடாதீங்க (வலது கைக்காரங்களுக்கும் இது பொருந்தும், காதுக்கு சத்தம் தடுக்கிற மஃபும்). ஜான் பிரவுனிங்கோட பழைய டிசைன், 1914லருந்து வர்ற எஸ்.ஏ. 22, அதுல கேஸ் கீழ விழும், ரெண்டு கைக்கும் சரியா இருக்கும், ஆனா அது மலிவு ரகம் இல்ல. மலிவு ரைபிள்ல ஒருத்தர் இதைப் பண்ணினா இடது கைக்காரங்க கும்பிடுவாங்க.

இப்ப ஒரு விஷயம் சொல்லணும், இதனாலதான் நான் கடைசித் தோட்டாக்கு போல்ட் திறந்து நிக்கணும்னு திரும்பத் திரும்ப கத்தறேன். பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருந்த காலத்துல ஒரு பையன் பத்தும் சுட்டாச்சுன்னு சொல்லி ரைபிளை மேஜைல வச்சுட்டு எழுந்தான். அவன் எண்ணினது தப்பு, ஒன்பதுதான் சுட்டிருந்தான். அந்த ரைபிள்ல காலியா இருந்தாலும் போல்ட் மூடித்தான் இருக்கும், தோட்டா இருந்தாலும் மூடித்தான் இருக்கும், பக்கத்துல நின்ன எனக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல. மேகசினைக் கழட்டிட்டு போல்ட்டை இழுக்கும்போது முழுத் தோட்டா ஒண்ணு டங்குன்னு மேஜைல வந்து விழுந்துச்சு. முனை டார்கெட் பக்கமே இருந்ததால ஒண்ணும் ஆகல, ஆனா அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் காதுல இருக்கு. .22 சின்னதுதானேன்னு நெனைக்காதீங்க, அந்தக் குண்டு ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியும் போகலாம். போல்ட் தானா திறந்து நிக்கிற ரைபிளா இருந்திருந்தா அது மூடியிருக்குன்னாலே இன்னும் முடியலன்னு தூரத்துலருந்தே தெரிஞ்சிருக்கும். அதனால பொண்ணுக்கு மொதல் கொஞ்ச நாள் மேகசின்ல ஒரே ஒரு தோட்டா போட்டுக் குடுங்க, அப்புறம் ரெண்டு. சுட்டதும் அடுத்தது தானா ஏறிடும்கிறது கைக்குப் பழகணும்.

கேள்வி: 50 மீட்டர்ல ஒரு இன்ச் குரூப்னு விளம்பரம் போடறாங்களே, நம்பலாமா?

பதில்: குரூப்னா சுட்ட ஓட்டைகள் எல்லாம் எவ்வளவு அகலத்துக்குள்ள விழுந்துச்சுங்கறது. எத்தனை தோட்டால போட்ட குரூப்னு பாருங்க. மூணு போட்டு ஒரு இன்ச்ங்கறது யாருக்கும் எப்பவாவது விழும், பத்து போட்டு விழுந்தா அதான் ரைபிள். மலிவு செமி ஆட்டோல 50 மீட்டர்ல பத்தும் ஒன்றரை இன்ச்சுக்குள்ள இருந்தா நான் சந்தோஷப்படுவேன். நாலஞ்சு வகை தோட்டா போட்டுப் பாருங்க, ஒரே ரைபிள் ஒரு வகைல சிதறும், இன்னொரு வகைல குவியும், எதுல குவியுதோ அதே லாட் நம்பர்ல (ஒரே தொகுதியா தயாரிச்சது) மொத்தமா வாங்கி வச்சுக்கோங்க.

கேள்வி: தோட்டா இல்லாம ட்ரிகர் இழுத்துப் பழகினா ரைபிள் கெடுமா?

பதில்: .22 மாதிரி ரிம்ஃபயர்ல கெடலாம். இதுல ஃபயரிங் பின்ங்கற ஊசி போய் அடிக்கிறது தோட்டாவோட விளிம்பை, தோட்டா இல்லன்னா சில ரைபிள்ல சேம்பர் விளிம்புலயே அடிச்சுப் பள்ளம் விழுந்துடும், அப்புறம் கேஸ் அங்க மாட்டும். அந்த ஊசி சேம்பர் விளிம்பைத் தொடறதுக்கு முன்னாலயே நின்னுடற மாதிரி பண்ணின ரைபிள்களும் இருக்கு, மேனுவல் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு பண்ணுங்க. புது ரைபிள்ல இதுக்கு அனுமதி இருக்கணும்னு கேக்கறது நியாயமான ஆசைதான், வீட்டுலயே பழகறவங்களுக்கு தோட்டாச் செலவு மிச்சம்.

கேள்வி: ராணுவ ரைபிள் மாதிரி இருந்தாத்தான் இப்ப விக்குமாமே? எனக்கு பழைய மர ஸ்டாக்தான் பிடிக்குது.

பதில்: ரெண்டு கூட்டமும் உண்டுங்க. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 15-22 அந்த ராணுவத் தோற்றத்துலதான் வருது, நல்லாவே ஓடுது, ஸ்டாக்கைக் கூட்டிக் குறைக்க முடியறதால சின்னவங்களுக்கும் உதவுது. ஆனா சட்டத்தையும் பாக்கணும். பிரிட்டன்ல 1988 சட்டத்துக்கப்புறம் பெரிய தோட்டா செமி ஆட்டோ ரைபிள்கள் தடை, .22 ரிம்ஃபயர் மட்டும் லைசன்ஸோட வச்சுக்கலாம். ஆஸ்திரேலியால 1996க்கப்புறம் .22 செமி ஆட்டோவே ரொம்பக் குறிப்பிட்ட ஆட்களுக்குத்தான். தோற்றத்தைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி உங்க லைசன்ஸ் இந்த வகையை அனுமதிக்குதா, மேகசின்ல எத்தனை தோட்டா வரைக்கும்னு கேட்டுட்டு வாங்க.

கேள்வி: கடைல கையில எடுத்தா அஞ்சு நிமிஷத்துல என்ன பாக்கணும்?

பதில்: கடைக்காரரை மேகசினைக் கழட்டி சேம்பரைக் காட்டச் சொல்லுங்க, நீங்களும் கண்ணால பாருங்க. காலி மேகசினைப் போட்டு போல்ட்டை இழுங்க, திறந்து நிக்குதா? கண்ணை மூடிட்டு தோள்ல வைங்க, திறந்தா சைட் நேரா தெரியணும், கழுத்தை நீட்டித் தேடக் கூடாது. ஸ்கோப் மாட்டுற மேல்பட்டை (ரெயில்) எல்லாக் கடையிலயும் கிடைக்கிற சாதாரண வளையத்துக்குப் பொருந்துதான்னு கேளுங்க. கடைசியா ரெண்டாவது மேகசின் இப்பவே கடைல இருக்கா, என்ன விலைன்னு கேளுங்க, வரவழைச்சுத் தர்றோம்னு சொன்னா ரைபிளைக் கீழ வச்சுட்டு இன்னொண்ணைக் காட்டச் சொல்லுங்க.