25% வைத்து விற்றும் கையில் ஏன் எதுவும் நிற்பதில்லை?

மதுரை மாசி வீதியில் சின்னத் துணிக்கடை, 25% வைத்து விற்றும் மாதக் கடைசியில் கல்லா காலி, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், அந்த 25% கொள்முதல் விலையின் மேல் வைத்தது. 400 ரூபாய்க்கு எடுத்த சட்டை 500க்குப் போனால், விற்ற பணத்தில் லாபம் 20%தான்.

அதிலும் பாதியைப் பேரம் தின்றுவிடும். விளக்குத்தூண் பக்கம் சொன்ன விலைக்கு யார் வாங்குகிறார்கள்? "450 போட்டுக் குடுங்கண்ணே" என்பார்கள். விலையில் குறைத்தது 10%தான், ஆனால் அது உங்கள் லாபத்தில் சரிபாதி. வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் சேர்த்து மாதம் 60,000 என்று வையுங்கள். சட்டைக்கு 100 நின்றால் தினம் 20 சட்டை விற்றாலே செலவு தேறிவிடும். 50தான் என்றால் 40 விற்க வேண்டும். கட்டட உரிமையாளர் வாடகையில் பேரத்துக்கு மசிவதுமில்லை.

ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறை) இருந்தால், விற்றுமுதலில் 1% வரி உங்கள் கைக்காசு. வாடிக்கையாளரிடம் அதைத் தனியாக வசூலிக்கக் கூடாது.

அப்புறம், தீபாவளிக்கு எடுத்துத் தேங்கிய சரக்கு. ஆடியில் அசலுக்கே தள்ளிவிடுவது மேல், முடங்கிய பணமாவது புரளும்.

இன்னொன்று, உங்கள் சொந்தச் சம்பளத்தைச் செலவில் எழுதுகிறீர்களா? பல கடைகளில் எழுதுவதில்லை. வீட்டுத் தேவைக்குக் கல்லாவில் கை வைப்பதோடு சரி.